கத்திரித் தாளம்

பல் துலக்கும்போது ஒரு பாட்டு, பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பாட்டு, துணி காயப்போடும்போது ஒரு பாட்டு என்று நாளைத் தள்ளுகிறவன் நான். பிழைப்பும் அதுதான். ஒரு செய்தித்தாளின் வார இணைப்பில் பாட்டு, படம், டி.வி. பற்றி எழுதுகிறேன். புதிதாக வந்த பாட்டில் புல்லாங்குழல் எந்த இடத்தில் நுழைகிறது, பழைய படத்தில் கதாநாயகி அழும்போது பின்னால் ஒரு வயலின் மட்டும் ஏன் அழாமல் நிற்கிறது என்று யோசித்துக்கொண்டே சாப்பாட்டில் உப்பில்லாததைக் கவனிக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

"என் தம்பி எழுத்தாளன்னு சொன்னா, என்ன எழுதறாருன்னு கேக்கறாங்க. பாட்டு கேக்கறதைப் பத்தி எழுதறான்னு சொன்னா, அதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்கன்னு கேக்கறாங்க. நான் என்னடா பதில் சொல்றது?" என்பாள் அக்கா.

நானும் அவளும்தான் வீட்டில். அவளுக்குத் தபால் நிலையத்தில் வேலை. மாற்றல் வந்ததால் இந்தத் தெருவுக்கு வந்தோம். சாமான்கள் வந்து இறங்கியபோது அவளுடைய பெட்டிகள் ஒரு மூலையில் அடங்கிவிட்டன. என்னுடைய கேசட்டுகளும் இசைத்தட்டுகளும் மீதி வீட்டை எடுத்துக்கொண்டன. படப்பாட்டு, பக்திப்பாட்டு, மேடைக் குழுக்கள், தொடர்களின் முகப்புப் பாட்டு என்று தனித்தனி அலமாரி. விளம்பரப் பாட்டுக்கு மட்டும் இடம் கிடையாது. பொருளை விற்கப் போடும் கூச்சலைப் பாட்டு என்று சொல்லக்கூடாது என்பது என் கட்சி. அதை என் பத்தியிலும் எழுதியிருக்கிறேன்.

தெருமுனையில் ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. இரண்டு நாற்காலி, நீளமாக ஒரு கண்ணாடி, சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு கறுப்புக் குடை. கடைக்காரரைத் தெருவில் எல்லாரும் 'மெதுவண்ணன்' என்றுதான் சொன்னார்கள். ஒரு தலைக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அடுத்த தெருக் கடையில் மூன்று தலை முடிந்துவிடும் என்பார்கள். ஆனால் அவரிடம் வெட்டிக்கொண்டவன் வேறு கடைக்குப் போகமாட்டான். காதோரத்தில் கத்திரி வைக்கும்போது நாற்காலியில் இருப்பவன் தூங்கிப்போகும் அளவுக்கு இதமான கை.

கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி.

மூன்றாவதோ நான்காவதோ முறை நான் போனபோது, கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, கத்திரியை எடுக்காமல் நின்றார்.

"தம்பி, பேப்பர்ல பாட்டைப் பத்தி எழுதறது நீங்கதானாமே?"

"ஆமாண்ணே. படிப்பீங்களா?"

"இல்ல. முடி விழாம இருக்கறதுக்குக் கீழ விரிப்பேன். விரிக்கும்போது உங்க படத்தைப் பாத்தேன்." சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்ததும் தைரியம் வந்தது. "ஒரு பாட்டைக் கண்டுபிடிச்சுத் தரணும் தம்பி."

விஷயம் இதுதான். நாங்கள் இந்தத் தெருவுக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. கை பாதிக்குமேல் திரும்பிவிட்டது. பேச்சு திரும்பவில்லை. நாம் பேசுவதெல்லாம் அண்ணிக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'அது' என்ற ஒரே சொல்தான் வருகிறது. தண்ணீர் வேண்டுமென்றாலும் 'அது', வேண்டாமென்றாலும் 'அது'. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். கொஞ்ச நாள் போனார்கள். பிறகு அண்ணி வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு படத்தைக் காட்டி, இது என்னன்னு கேப்பாங்க. பூனை. அவளுக்குத் தெரியும் அது பூனைன்னு. வாயில வராது. சின்னப் புள்ளைக்குக் காட்டற படத்தைக் காட்டறாங்களேன்னு கண்ணுல தண்ணி வரும். இப்போ ஆஸ்பத்திரிக்குப் போற நாள் வந்தாலே போர்வையை இழுத்து மூடிக்கறா. இப்பிடியே விட்டா அப்பிடியே நின்னுடும்னு டீச்சர் சொல்றாங்க. அவங்கதான் இதையும் சொன்னாங்க. பேச்சு வராதவங்களுக்கும் சில நேரம் பாட்டு வருமாம். நல்லாப் பழகின பாட்டா இருக்கணுமாம். அதுலேருந்து பேச்சைப் பிடிச்சு இழுக்கலாமாம்."

"அண்ணி எந்தப் பாட்டு பாடுவாங்க?"

மெதுவண்ணன் சீப்பைத் துடைத்தார். துடைத்த சீப்பையே மறுபடியும் துடைத்தார்.

"அதான் தெரியல தம்பி. கல்யாணம் ஆன நாள்லேருந்து காலையில அடுப்புக்கிட்ட ஒரே பாட்டு. நான் இந்தப் பக்கம் கடையைத் திறப்பேன், அவ அந்தப் பக்கம் பாடுவா. சுவர் வழியா வரும். வார்த்தை காதுல விழாது. விழுந்தாலும் நான் கவனிச்சதில்ல. அவ தம்பிகிட்ட போன்ல கேட்டேன். எங்க வீட்ல அவ பாடினதே இல்லையேன்னான். இந்த அடுப்படிக்கு வந்தப்புறம் புடிச்ச பாட்டு போல."

"கொஞ்சம் ராகத்தை முனகிக் காட்டுங்கண்ணே. நான் புடிச்சுருவேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முனகினார். தண்ணீர் மோட்டார் ஓடுவது போல ஒரே சுருதியில் ஆரம்பித்து, அதே சுருதியில் முடிந்தது.

"இதாண்ணே பாட்டா?"

"ஏன் தம்பி, எல்லாப் பாட்டும் இப்பிடித்தானே இருக்கு?"

வாழ்க்கையில் முதல் முறையாகப் பாட்டே ஏறாத ஒரு மனிதரைப் பார்த்தேன். கடவுள் ஒருவருக்கு இவ்வளவு இதமான கையைக் கொடுத்துவிட்டுக் காதை இப்படி வைத்திருக்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் பயப்படவில்லை. என் அலமாரிகளில் இல்லாத பாட்டா? "ஒரு வாரம் குடுங்கண்ணே" என்றேன்.

மறுநாள் காலை ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு அவர்கள் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அண்ணி ஒல்லியாக, நெற்றி உயர்ந்து, கூர்மையான கண்களோடு இருந்தார். இடது கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மெல்ல வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சிகளிலேயே அவர் விடாமல் செய்தது இது ஒன்றுதானாம்.

"இந்தப் பாட்டா பாருங்க அண்ணி" என்று ஒன்றைப் போட்டேன். அவர் அடுப்படியில் பாட ஆரம்பித்த காலத்தில் எல்லார் வாயிலும் இருந்த பாட்டு. தலையாட்டினார், இல்லை என்று. இன்னொன்று. இல்லை. ஒரு பாட்டின் நடுவே, "இந்த இடத்துல கிடாரை மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் நிறுத்திடறாங்க பாருங்க அண்ணி, என்ன தைரியம்" என்று விளக்கினேன். அண்ணி என்னையே பார்த்தார். "அது" என்றார். அந்த 'அது'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பேசாமல் போடுடா என்று இருந்திருக்கலாம்.

ஒருநாள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கத்தியின் பிடியால் பலகையில் இரண்டு தட்டு தட்டினார். டொக், டொக். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இதுதானா என்று கேட்டு அந்தப் பாட்டை மறுபடியும் போட்டேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. வேறு பாட்டுக்குப் போனேன். அதிலும் நடுவில் எங்கோ இரண்டு தட்டு. இன்னொரு பாட்டில் இரண்டு தட்டு. எந்தத் தாளத்தோடும் ஒட்டாத தட்டு. கத்தியில் ஒட்டிய வெங்காயத்தை உதறுகிறார் என்று விட்டுவிட்டேன்.

வாரம் முடிந்தது. படப்பாட்டு தீர்ந்து, பக்திப்பாட்டு தீர்ந்து, தொடர்களின் முகப்புப் பாட்டுக்கு வந்திருந்தேன். எனக்குப் பிடித்த ஒரு தொடரின் பாட்டைப் போட்டுவிட்டு, அதைப் பாடியவர் பிறகு ஏன் பாடுவதை விட்டார் என்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணி கத்தியை வைத்தார். ஸ்பீக்கரை எடுத்தார். எங்கே அழுத்தினால் நிற்கும் என்று தேடிப்பார்த்தார். தெரியவில்லை. அதைத் துணிக்கூடைக்குள் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மெதுவண்ணன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க தம்பி. உங்களுக்கும் வேலை இருக்கும். நாளன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற நாள். டீச்சர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். அவளுக்கு இஷ்டமில்லைன்னு."

"சொல்லிட்டா?"

"அந்த நேரத்தை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. நெறைய பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்களும் பாவம்தானே."

கூடையிலிருந்து ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் ஒன்று உறைத்தது. அந்த ஒரு வாரமும் நான் தேடியது அண்ணியின் பாட்டையா, என் பாட்டைக் கேட்க ஓர் ஆளையா? பேச முடியாத ஒரு மனுஷியின் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் அக்காவும் நானும் கண்ணை மூடிக் கும்பிடும் வழக்கம் உண்டு. அன்றைக்கு என் பிரார்த்தனை சின்னது. என் வாயைக் கொஞ்சம் மூடிவை, காதைத் திறந்துவை என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். ஸ்பீக்கரை எடுத்துப் போகவில்லை. வெறுமனே போய் நிற்கக் கூச்சமாக இருந்ததால், "முடி வெட்டணும்ணே" என்றேன். வெட்டிச் சில நாள்தான் ஆகியிருந்தது. அவர் துணியைக் கட்டினார்.

வழக்கமாக நாற்காலியில் உட்கார்ந்ததும் எதையாவது முனக ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்குச் சும்மா இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. உள்ளே பலகை மேல் கத்தி நடக்கும் சத்தம். காதுக்குப் பக்கத்தில் கத்திரி.

கத்திரி எப்போதும் முடியை மட்டும் வெட்டுவதில்லை. இரண்டு வெட்டுக்கு நடுவே, சீப்பு அடுத்த இடத்துக்கு நகரும்போது, காற்றிலும் வெட்டிக்கொண்டிருக்கும். எல்லாக் கடைக்காரர்களுக்கும் உள்ள பழக்கம்தான். கை ஓய்ந்துவிடாமல் இருப்பதற்கு. ஆனால் இவருடைய கத்திரி காற்றில் வெட்டியது ஏனோதானோ என்று இல்லை. டிக்… டிக்… டிக்டிக்டிக். சின்ன இடைவெளி. மறுபடி டிக்… டிக்… டிக்டிக்டிக்டிக். பிறகு ஒரு நிறுத்தம். எதற்கோ இடம் விட்டு நிற்பது போல ஒரு நிறுத்தம். அப்புறம் முடியை வெட்டுவார். சீப்பு நகரும். மறுபடி அதே.

அந்த நிறுத்தத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, டொக், டொக்.

தற்செயலாக இருக்கும் என்று அடுத்த முறைக்குக் காத்திருந்தேன். கத்திரி அந்த ஓட்டத்தை ஓடி நின்றது. டொக், டொக்.

"அண்ணே, உள்ள என்ன சத்தம்?"

"வெங்காயம் நறுக்கறா தம்பி."

"அந்த ரெண்டு தட்டு?"

"அது எப்பவும் கேக்கும். பலகை ஆடுது போல. ஒரு கட்டையை அண்டக் குடுக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன்."

"நீங்க காத்துல கத்திரி போட்டீங்களே, அதை இன்னொரு தடவை போடுங்க."

"நான் எங்க போட்டேன்?"

"இப்போ போட்டீங்களே."

அவர் கத்திரியைப் பார்த்தார், அது அவரை ஏமாற்றிவிட்டது போல. பிறகு என் வேண்டுகோளுக்காகக் காற்றில் வெட்டிக் காட்டினார். தகரத்தில் கல் உருண்டது போல இருந்தது. தாளமும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்தும் சத்தம் இல்லை.

நான் யோசித்தேன். அவர் காதில் பாட்டு ஏறவில்லை. இத்தனை வருஷம் சுவர் வழியாக வந்தது கையில் ஏறியிருக்கிறது. கைக்குத் தெரிகிறது என்பது அவருக்குத் தெரியாது. கேட்டால் ஓடிவிடும்.

"சரி விடுங்கண்ணே. வெட்டுங்க. அந்தக் குழாய்க்காரர் வந்தாரா?"

தெருவுக்கே தெரிந்த கதை அது. கடையின் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய நாளை வருகிறேன் என்று சொல்லி வராமலே இருக்கும் ஒருவர். மெதுவண்ணன் கோபத்தோடு பேசத் தொடங்கினார். கோபத்தில் அவர் கை தன் வழிக்குப் போனது. டிக்… டிக்… டிக்டிக்டிக். நான் துணிக்கு அடியில் போனை எடுத்துப் பதிவு செய்தேன். குழாய்க்காரர் முடிந்ததும் குழாய்க்காரரின் மைத்துனரைப் பற்றிக் கேட்டேன். மைத்துனர் முடிந்ததும் மழைநீர்க் கால்வாயைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த இரண்டு தட்டு, தவறாமல்.

நான் கண்ணைத் திறந்தபோது என் தலையில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சம் இல்லை.

"நீங்க பேச்சு குடுத்துக்கிட்டே இருந்தீங்களா, நானும் வெட்டிக்கிட்டே இருந்துட்டேன்" என்றார் மெதுவண்ணன், ரொம்பவும் வருத்தத்தோடு.

"பரவால்லண்ணே. வெயில் காலத்துக்கு நல்லது" என்றேன். வெளியே மேகம் கட்டியிருந்தது.

மதியம் சாப்பிட வந்த அக்கா என் தலையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"வீடு மாறி வந்துட்டேன் போலருக்கு."

"உக்காரு. சொல்றேன்."

"யாருக்குடா வேண்டிக்கிட்டே?"

நான் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, காலையிலிருந்து அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டிருந்தேன். இந்தத் தாளத்தில் எனக்குத் தெரிந்த பாட்டு எதுவும் இல்லை. அதைவிட, முடிவில் அப்படி நின்று, எல்லாம் ஓய்ந்தபின் இரண்டே தட்டுப் போட்டு முடிகிற பாட்டை யார் எழுதுவார்கள்? சாப்பிட்டு முடித்த தட்டைத் தள்ளிவிட்டு, மேஜையில் விரலால் அந்த ஓட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தட்டி நிறுத்தினேன்.

அக்கா திரும்பாமலே சொன்னாள்: "குவாக், குவாக்."

"என்ன சொன்னே?"

"எதை?"

"இப்போ. வாத்து மாதிரி."

அவளுக்கே தெரியவில்லை. நான் மறுபடி தட்டினேன். இந்தத் தடவை அவள் குழாயை மூடிவிட்டு, நுரைக் கையோடு நின்று, மெல்லப் பாடினாள்.

"வா மழையே, வந்து பாரு…
நனைய மாட்டோம் நாங்க ரெண்டு பேரு…
குவாக், குவாக்."

பாடிவிட்டுச் சிரித்தாள். "வாத்து மார்க் குடைடா. ரேடியோவுல செய்திக்கு முன்னாடி தினம் வரும். மழை பேஞ்சா நீயும் நானும் ஒரே குடைக்குள்ள இதைப் பாடிக்கிட்டுத்தானே ஸ்கூலுக்குப் போவோம். வாத்து உன் பங்கு. அதை யாராவது சொல்லிட்டா தரையில உக்காந்து அழுவே. மறந்துட்டியா, பெரிய பாட்டு எழுத்தாளரே?"

மறந்துதான் போயிருந்தேன். பாட்டு இல்லை என்று நானே சொல்லிக் கதவைச் சாத்திய இடத்தில் அது இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தது. என் அலமாரிகளில் எப்படிக் கிடைக்கும்?

எனக்கு அதைவிட வேறொன்று நெஞ்சில் நின்றது. மாதக்கணக்காக, சுவருக்கு இந்தப் பக்கம் அவர் கத்திரி பாடியிருக்கிறது. அந்தப் பக்கம் அண்ணி, வாயில் வராத கடைசி இரண்டு சொல்லைக் கத்திப்பிடியால் தட்டிப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பலகை ஆடுகிறது என்று அவர் நினைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வந்தது. கடை திறக்கும் நேரத்துக்கே நான் போய்விட்டேன். அக்காவும் வேலைக்குப் போகும் வழியில் கூட வந்தாள். மெதுவண்ணன் சட்டையெல்லாம் மாற்றித் தயாராக இருந்தார், தனியாகப் போவதற்கு. அண்ணி எழுந்து அடுப்படியில்தான் இருந்தார். போர்வைக்குப் பதில் இப்போது வெங்காயம். ஆனால் வரமாட்டாராம்.

நான் வார்த்தைகளைச் சொன்னேன். எந்தப் பாட்டு என்றும், முடிவில் வரும் அந்த இரண்டு தட்டு என்ன என்றும் சொன்னேன். மெதுவண்ணன் கேட்டுக்கொண்டு நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

"பலகை ஆடலையா அப்போ?" என்றார் கடைசியில்.

"இல்லண்ணே."

"தினமுமா தட்டிக்கிட்டு இருந்தா?"

"தினமும்தான்."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "நீங்களே பாடிடுங்க தம்பி. எனக்குத்தான் வராதே" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கமான கிள்ளல் அது. "அவங்க வீட்டுப் பாட்டு. அண்ணனே பாடட்டும்" என்றாள்.

"எனக்கு ராகம் வராதும்மா."

"ராகத்தை யாரு கேட்டா? வார்த்தையைச் சொல்லுங்க. தாளத்தைக் கை பாத்துக்கும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெட்டுவதற்கு என் தலையில் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் துணியைக் கட்டினார், கத்திரியையும் சீப்பையும் எடுத்தார். வெறும் கையோடு நின்றால் அவருக்கு வராது என்று அவருக்கே தெரிந்திருந்தது. சீப்பு என் தலைமேல் சும்மா நகர்ந்தது. கத்திரி தன் ஓட்டத்தைப் பிடித்தது. அதன் மேல், தண்ணீர் மோட்டார் போல ஒரே சுருதியில், அவர் சொன்னார்.

"வா மழையே. வந்து பாரு."

உள்ளே கத்தி நின்றது.

அவருக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. நான் கண்ணாடி வழியாக உதட்டை அசைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார், முதல் தடவையைவிட மோசமாக. "வா மழையே. வந்து பாரு."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பழக்கம் விட்ட குரல், முதலில் மூச்சுதான் அதிகம். ஆனால் ராகம் சுத்தம்.

"நனைய… மாட்டோம்… நாங்க ரெண்டு பேரு…"

கத்திரி காற்றில் திறந்தபடி நின்றது. அந்த நிறுத்தம் நீண்டுகொண்டே போனது. தட்டு வரவில்லை. வாத்தும் வரவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். என் வாய்க்குள் வாத்து முட்டிக்கொண்டு நின்றது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த பெரிய காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

கதவருகில் நிழல் ஆடியது. அண்ணி கத்தியோடு வந்து நின்றார். முகத்தில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருந்தது. புருஷனைப் பார்த்தார். இத்தனை நாள் வாத்தைத் தான் தட்டியாயிற்று, இனி உன் முறை என்பது போலத் தலையை ஒரு வெட்டு வெட்டினார்.

மெதுவண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் எதிலும் மெது. பிறகு, வாழ்க்கையில் ஒரு பாட்டும் பாடாத அந்த மனிதர், நிமிர்ந்து நின்று, மிகுந்த மரியாதையோடு, "குவாக், குவாக்" என்றார்.

அண்ணி சிரித்தார். சத்தமாக. சிரிப்பு மட்டும் நோயில் ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். என் தலையைப் பார்த்தார். அப்புறம் புருஷன் கையிலிருந்த கத்திரியைப் பார்த்தார். "அது…" என்றார், என் தலையைக் காட்டி.

"அதுக்கு நான் என்ன பண்றது? தம்பிதான் பேச்சு குடுத்துக்கிட்டே இருந்தாரு" என்றார் மெதுவண்ணன்.

அண்ணி கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். உள்ளே போனார். போர்வைக்குள் போய்விட்டாரோ என்று எனக்குப் பக்கென்றது. திரும்பி வந்தபோது வெளியே போகும் சேலையில் இருந்தார். சுவரோரம் நடந்துபோய், ஆணியிலிருந்த கறுப்புக் குடையைக் கழற்றி, புருஷனிடம் நீட்டினார். தெருவில் தூறலே இல்லை. மெதுவண்ணன் அதை வாங்கிக்கொண்டார். கடைக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

அன்றைக்குப் பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. டீச்சர் பூனைப் படங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அந்தப் பாட்டையே பாடச் சொன்னாராம். பிறகு மழைக்குப் பதில் தண்ணீரை வைத்தார்களாம். 'வா தண்ணியே' என்று ஒரு வாரம். அப்புறம் சோறு, அப்புறம் மாத்திரை. ஒரு சொல் நிற்க எத்தனையோ நாள் பிடித்தது. சில நாள் நின்ற சொல்லும் ஓடிப்போனது. ஆனால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் வழக்கம் போய்விட்டது.

நான் என் பத்தியில் விளம்பரப் பாட்டுக்கென்று ஒரு வாரம் ஒதுக்கினேன். அவர்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அது அவர்களுடைய பாட்டு. உங்கள் வீட்டு அடுப்படியில் யாராவது எதையாவது பாடினால் ஒரு தடவையாவது நின்று வார்த்தையைக் கேளுங்கள் என்று மட்டும் கடைசியில் சேர்த்தேன். அந்தப் பக்கத்தை மெதுவண்ணன் தரையில் விரிக்கவில்லை. கடை அலமாரியில் மடித்து வைத்திருந்தார், படித்தாரா என்று நான் கேட்கவில்லை.

போன வாரம், அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். என் தலையில் முடி சீப்பு பிடிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. எதிர்ப்பக்க நடைபாதையில் மெதுவண்ணன் குடையைக் கையில் பிடித்து முன்னால் போய்க்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது போல, அவர் வழக்கத்துக்குக் கொஞ்சம் வேகம். அண்ணி பின்னால். அவரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

அண்ணி நின்றார். ஒரு கையால் மற்றக் கையில் தாளம் தட்டிக்கொண்டார். பிறகு 'வா மழையே' ராகத்தில், தெருவே கேட்கும்படி, தெளிவாகப் பாடினார்.

"மெதுவா… போங்க…"

பஸ் நிறுத்தத்தில் மெதுவண்ணனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இந்தத் தெருவில் அவரிடம் யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. மெதுவண்ணன் திரும்பிப் பார்த்து, அப்படியே நின்று, குடையை விரித்தார். அண்ணி குடைக்கு அடியில் வந்து சேரும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

என் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து அந்தப் பாட்டை முனகினேன். கடைசி இரண்டு சொல்லை மட்டும் சொல்லாமல் விட்டேன்.